ஸ்கேன் படத்தின் புள்ளிகள்: எதை நீக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும்?

புதிய அல்ட்ராசவுண்ட் கருவிகளின் விளம்பரங்களில் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டுவது வழக்கம். இடப்பக்கம் பொரிப்பொரியாக ஒரு கல்லீரல், வலப்பக்கம் அதே கல்லீரல் வழுவழுவென்று. 'இரைச்சல் நீக்கம்', 'ஏஐ தெளிவு' என்று ஏதாவது ஒரு பெயர் கீழே இருக்கும். பார்க்கிற எவருக்கும் வலப்பக்கப் படமே மேல் என்று தோன்றும். பல நேரம் அது சரிதான். ஆனால் நோயாளிக்குத் தேவையான தகவல் இடப்பக்கப் படத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. எப்போது எது என்று பிரித்தறிய, அந்தப் பொரி எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

படம் உருவாகும் விதம்

மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி கேட்காது. மருத்துவ ஸ்கேன் பெரும்பாலும் 20 லட்சம் முதல் 150 லட்சம் ஹெர்ட்ஸ் வரை, அதாவது 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை, வேலை செய்கிறது. தோலின் மேல் ஜெல் தடவி வைக்கும் ப்ரோபில் வரிசையாகப் பல சிறு படிகங்கள் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்தால் அவை அதிர்ந்து ஒலித்துடிப்பை அனுப்பும். எதிரொலி வந்து மோதினால் அதை மறுபடி மின்சாரமாக மாற்றும்.

மென்திசுவில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது என்று எடுத்துக்கொண்டுதான் கருவி கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் 1 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோவினாடி ஆகும். எதிரொலி 130 மைக்ரோவினாடி கழித்து வந்தால் அது 10 செ.மீ. ஆழத்திலிருந்து வந்தது. எதிரொலி எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அந்த இடம் வெளுப்பாகத் தெரியும். இப்படி ஒரு கோடு, அதன் பக்கத்தில் அடுத்த கோடு என்று நூற்றுச் சொச்சம் கோடுகள் சேர்ந்ததே திரையில் தெரியும் ஒரு படம்.

இதில் அடிப்படையான ஓர் இழுபறி இருக்கிறது. அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும், நுணுக்கம் கூடும். 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.3 மி.மீ., 12 மெகாஹெர்ட்ஸில் 0.13 மி.மீ. ஆனால் அதிர்வெண் கூடக் கூட உடல் ஒலியை அதிகமாக விழுங்கும். மென்திசுவில் ஒவ்வொரு செ.மீ.க்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் சுமார் அரை டெசிபல் இழப்பு என்பது பொதுக் கணக்கு. 5 மெகாஹெர்ட்ஸ் அலை 10 செ.மீ. போய்த் திரும்பினால் மொத்தம் 20 செ.மீ. பயணம், 50 டெசிபல் இழப்பு. சிதறலால் போவதைச் சேர்க்காமலே, அனுப்பிய ஆற்றலில் 1 லட்சத்தில் 1 பங்குதான் மிஞ்சும். அதனால்தான் வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், தோலுக்கு அருகே இருக்கும் தைராய்டு, மார்பகம் போன்றவற்றுக்கு 10 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும்.

மூன்று வேறு தொல்லைகள், ஒரே பெயர்

'இரைச்சல்' என்று பொதுவாகச் சொல்வதற்குள் தன்மையிலேயே வேறான மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிக்காது என்பதால் பிரித்தே பார்க்க வேண்டும்.

1. மின்னணு இரைச்சல். படிகங்களிலும் பெருக்கிச் சுற்றுகளிலும் வெப்பத்தால் எழும் சலனம் இது. எதிரொலி பலமாக இருக்கும் மேல்பகுதியில் கண்ணில் படாது. ஆழத்திலிருந்து வரும் பலவீனமான எதிரொலியை ஈடுகட்ட, கருவி ஆழத்துக்கு ஏற்பப் பெருக்கத்தைக் கூட்டுகிறது. இதைத்தான் டி.ஜி.சி. என்கிறார்கள், கருவியின் முகப்பில் வரிசையாக இருக்கும் நகர்த்து பொத்தான்கள் இதற்கானவை. எதிரொலியோடு சேர்ந்து இரைச்சலும் பெருகுவதால் படத்தின் அடிப்பகுதி நிலைகொள்ளாமல் மினுமினுக்கும்.

2. கிளட்டர். இல்லாத இடத்தில் தோன்றும் எதிரொலி. வயிற்றுச் சுவரின் கொழுப்பு அடுக்குகளுக்கு இடையே ஒலி திரும்பத் திரும்ப மோதித் தாமதமாக வந்து சேரும். கருவி அதை ஆழத்திலிருந்து வந்ததாக எண்ணிக்கொள்ளும். ஒலிக்கற்றையின் ஓரங்களில் கசியும் பக்கக் கற்றைகளும் இதையே செய்யும். பித்தப்பைக்குள்ளும் சிறுநீர்ப்பைக்குள்ளும் கறுப்பாகத் தெரிய வேண்டிய திரவத்தில் மங்கலான புகை மூட்டம் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

3. ஸ்பெக்கிள். விளம்பரப் படத்தில் பார்த்த அந்தப் பொரி. மூன்றிலும் இதுவே அதிகம் கண்ணில் படுவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

ஸ்பெக்கிள்: உடலே எழுதும் புள்ளிகள்

5 மெகாஹெர்ட்ஸ் கருவியால் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய இடம் ஆழவாக்கில் சுமார் 0.3 மி.மீ., பக்கவாட்டில் ஏறக்குறைய 1 மி.மீ. கல்லீரல் செல் ஒன்றின் அகலம் 0.02 முதல் 0.03 மி.மீ. ஆக, திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும் இடத்துக்குள் பல்லாயிரம் செல்களும் அவற்றினூடே ஓடும் நுண்குழாய்களும் நார்களும் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும். இந்தச் சிற்றலைகள் ப்ரோபுக்கு வந்து சேரும்போது முகட்டோடு முகடு சேர்ந்தால் வெளிச்சப் புள்ளி, முகடும் பள்ளமும் சேர்ந்தால் கறுப்புப் புள்ளி. செல்களின் அடர்த்தி ஒரே மாதிரி இருந்தாலும் படம் ஒரே நிறமாக வராததற்கு இதுவே காரணம். லேசர் ஒளியைச் சுவரில் அடித்தால் அது பொரிப்பொரியாகத் தெரிவதும் இதே இயற்பியலால்தான். பெயரும் அங்கிருந்து வந்ததே.

1978இல் பர்க்ஹார்ட் இந்த நிகழ்வுக்குக் கணித வடிவம் கொடுத்தார். 1983இல் ராபர்ட் வாக்னரும் சக ஆய்வாளர்களும் அதை விரிவாக்கினார்கள். சிதறடிப்பவை ஏராளமாக இருக்கும் சீரான திசுவில், எதிரொலி வீச்சின் சராசரியை அதன் திட்ட விலக்கத்தால் (ஏற்ற இறக்கத்தின் அளவால்) வகுத்தால் 1.91 வரும். உறுப்பு எதுவானாலும், கருவி எதுவானாலும் இதே எண்தான். ஒலியின் பலத்தைக் கூட்டினாலும் இது மாறாது. சராசரி கூடும்போது ஏற்ற இறக்கமும் அதே விகிதத்தில் கூடிவிடும்.

இதிலிருந்து வரும் முக்கியமான விளைவு ஒன்று உண்டு. மின்னணு இரைச்சல் ஒவ்வொரு நொடியும் மாறும், ஸ்பெக்கிள் மாறாது. ப்ரோபை அசைக்காமல், நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டால், அடுத்தடுத்த படங்களில் அதே பொரி அதே இடத்தில் நிற்கும். ஆகவே 16 படங்களைச் சராசரி எடுத்தால் மின்னணு இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும்; ஸ்பெக்கிள் துளியும் குறையாது. ஸ்கேன் அறையிலேயே இதைச் சோதிக்கலாம். கையை அசைக்காமல் வைத்திருக்கும்போது துள்ளுகிற புள்ளிகள் கருவியுடையவை. நின்ற இடத்தில் நிற்பவை திசுவுடையவை.

திசுவுடையவை என்பதால் அவற்றில் தகவலும் இருக்கிறது. இதயத் தசையின் ஸ்பெக்கிள் தசையோடு சேர்ந்தே நகரும். அந்த நகர்வைப் படத்துக்குப் படம் பின்தொடர்ந்துதான் இதய ஸ்கேனான எக்கோவில் 'ஸ்ட்ரெய்ன்', அதாவது தசை எவ்வளவு சுருங்கி நீள்கிறது என்பதை, அளக்கிறார்கள். சில புற்றுநோய் மருந்துகள் இதயத்தைத் தாக்கத் தொடங்குவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க இந்த அளவு பயன்படுகிறது. புள்ளிகளைத் துடைத்துவிட்டால் பின்தொடர எதுவும் இருக்காது.

1958இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்ட், ஜான் மக்விகார், டாம் பிரவுன் மூவரும் 'லான்செட்' இதழில் வயிற்றுக் கட்டிகளின் அல்ட்ராசவுண்ட் படங்களை வெளியிட்ட காலத்தில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட எதிரொலி வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு என்றிருந்த திரை அது. 1970களில் சாம்பல் நிறப் படிநிலைகள் வந்த பிறகுதான் உறுப்பின் உட்புறம் தெரியத் தொடங்கியது. கூடவே ஸ்பெக்கிளும் வந்தது.

படம் உருவாகும் முன்பே செய்யக்கூடியவை

ஒலியின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நோயறி அல்ட்ராசவுண்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது: சராசரிச் செறிவு சதுர செ.மீ.க்கு 720 மில்லிவாட், ஒலியழுத்தம் திசுவைச் சேதப்படுத்தும் வாய்ப்பைக் காட்டும் இயந்திரக் குறியீட்டெண் 1.9. கண்ணுக்கு இன்னும் கடுமையாக 0.23. கருவில் உள்ள சிசுவைப் பார்க்கும்போது வரம்புக்குள்ளேயும் முடிந்தவரை குறைத்தே வைக்க வேண்டும். எனவே புத்திசாலித்தனமாக அனுப்புவதும் புத்திசாலித்தனமாகக் கேட்பதுமே வழி.

1. ஹார்மோனிக் முறை. திசுவினூடே போகும் ஒலியலையின் முகடு பள்ளத்தைவிடச் சற்று வேகமாகப் போகும். அதனால் அலையின் வடிவம் திரிந்து, 2 மெகாஹெர்ட்ஸில் அனுப்பியது உள்ளே போகப் போக 4 மெகாஹெர்ட்ஸையும் பிறப்பிக்கும். ஹார்மோனிக் எனப்படும் அந்த இரட்டிப்பு அதிர்வெண்ணை மட்டும் கேட்டுப் படம் வரைந்தால் இரண்டு லாபம். வயிற்றுச் சுவரைத் தாண்டும்போது ஹார்மோனிக் இன்னும் அதிகம் உருவாகியிருக்காது. ஆகவே அங்கே மோதித் திரும்பும் குழப்பம் பெரும்பாலும் படத்தில் சேராது. தவிர, ஹார்மோனிக்கின் பலம் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பக்கக் கற்றையின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு என்றால் அதன் ஹார்மோனிக் நூறில் ஒரு பங்கு. கிளட்டர் இப்படி இருமுனையிலும் அடிபடுகிறது. இன்று வயிற்று ஸ்கேனில் இது சாதாரணமாக உபயோகத்தில் இருக்கிறது. என் மதிப்பீட்டில், இந்தத் துறையில் இரைச்சலுக்கு எதிராகக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இதுதான், ஏனென்றால் இங்கே இருந்த தகவல் எதுவும் அழிக்கப்படுவதில்லை, பொய்யான எதிரொலி உள்ளே வராமலே தடுக்கப்படுகிறது.

2. பல கோணக் கூட்டுப்படம். ஒரே இடத்தை 3 முதல் 9 கோணங்களில் பார்த்துச் சேர்ப்பது. கோணம் மாறினால் சிற்றலைகள் சேரும் விதம் மாறும், ஸ்பெக்கிளும் மாறும். முற்றிலும் வேறுபட்ட ஒன்பது பார்வைகள் கிடைத்தால் பொரி மூன்றில் ஒரு பங்காகும். நடைமுறையில் கோணங்கள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதால் அவ்வளவு கிடைக்காது. இதற்கு விலையும் உண்டு. 10 செ.மீ. ஆழத்துக்கு 128 கோடுகள் கொண்ட படம் நொடிக்கு 60 என்றால், 5 கோணங்களில் அது 12 ஆகிவிடும்.

இன்னொரு விலை கவனிக்கப்படாமல் போவது. பித்தப்பைக் கல்லை உறுதி செய்ய மருத்துவர் பார்ப்பவற்றுள் ஒன்று, கல்லுக்குப் பின்னால் விழும் கறுப்பு நிழல். கல் ஒலியைத் தடுப்பதால் வரும் நிழல் அது. பல கோணங்களில் பார்த்தால் ஒவ்வொரு கோணத்துக்கும் நிழல் வேறு திசையில் விழும். எல்லாம் சேரும்போது கல்லின் அடியில் சின்ன முக்கோணம் மட்டும் மிஞ்சும். சிறிய கல் என்றால் அதுவும் தெரியாமல் போகலாம். மார்பகத்தில் நீர்க்கட்டிக்குப் பின்னால் தெரியும் கூடுதல் வெளிச்சமும், சில புற்றுக்கட்டிகளுக்குப் பின்னால் விழும் நிழலும் இதேபோல மங்கும். அனுபவமுள்ளவர்கள் சந்தேகம் வந்தால் கூட்டுப்படத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பது இதற்காகத்தான்.

3. குறியேற்றிய துடிப்பு. குட்டையான பலத்த துடிப்புக்குப் பதில், அதிர்வெண் மாறிக்கொண்டே போகும் நீண்ட துடிப்பை அனுப்பி, திரும்பியதைக் கணக்கால் சுருக்குவது. உச்ச அழுத்தத்தைக் கூட்டாமல் ஆழத்தில் மின்னணு இரைச்சலை வெல்ல இது உதவுகிறது. ராடாரிலிருந்து வந்த உத்தி.

படம் உருவான பின்: ஃபில்டர்கள்

இங்கே நிலைமை வேறு. புதிய தகவல் எதுவும் வரப்போவதில்லை. இருக்கும் எண்களை வைத்து, எது புள்ளி, எது உறுப்பு என்று ஊகிக்க வேண்டும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் பதிலாக அதைச் சுற்றியுள்ளவற்றின் நடு மதிப்பை வைக்கும் எளிமையான மீடியன் ஃபில்டரை எண்களோடு பார்க்கலாம். 0 கறுப்பு, 255 வெள்ளை. ஒரு சின்னச் சதுரத்தின் ஒன்பது புள்ளிகள் இவை:

82, 110, 64
95, 240, 77
101, 58, 90

நடுவில் உள்ள 240ஐ என்ன செய்வது? ஒன்பதையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 90. மீடியன் ஃபில்டர் 240ஐ எடுத்துவிட்டு 90ஐ வைக்கும். வெறும் சராசரி என்றால் 102 வரும். இரண்டிலும் அந்த வெளிச்சப் புள்ளி காணாமல் போகிறது.

கொஞ்சம் யோசித்துச் செயல்படும் ஃபில்டர்களும் உண்டு. 1980இல் ஜாங்-சென் லீ வெளியிட்ட ஃபில்டர், ராடார் படங்களுக்கும் பயன்பட்டது, பிறகு ஸ்கேனுக்கும் வந்தது. ஓர் இடத்தில் ஏற்ற இறக்கம் ஸ்பெக்கிளுக்கு எதிர்பார்க்கும் அளவுக்குள் இருந்தால் மழுப்பு, அதைவிட அதிகமானால் அங்கே உண்மையான விளிம்பு இருக்கலாம், தொடாதே என்பது அதன் தர்க்கம். 1990இல் பெரோனாவும் ஜிதேந்திர மாலிக்கும் விளிம்பைத் தாண்டாமல் மழுப்பும் பரவல் முறையைக் கொண்டுவந்தார்கள். 2002இல் யூ, ஆக்டன் இருவரும் அதை ஸ்பெக்கிளுக்கென்றே மாற்றியமைத்தார்கள். 2005இல் வந்த 'நான்-லோக்கல் மீன்ஸ்' முறை, படத்தின் வேறு பகுதிகளில் இதேபோன்ற அமைப்புகளைத் தேடிச் சராசரி எடுக்கும். பெரிய உறுப்புகளின் விளிம்புகளுக்கு இவை நன்றாகவே வேலை செய்கின்றன.

ஆனால் ஒரு நிபந்தனை. 1.91 என்ற விகிதம் கருவிக்குள் இருக்கும் மூல எதிரொலிக்கே பொருந்தும். திரைக்கு வருவதற்கு முன் கருவி மடக்கைச் சுருக்கம் செய்து, 60 டெசிபல் போன்ற பெரிய வீச்சைத் திரையின் சாம்பல் படிகளுக்குள் அடக்குகிறது. அதற்குப் பிறகு புள்ளிவிவரத்தின் வடிவமே வேறு. சேமித்த ஜேபெக் படத்தை எடுத்து மூல எதிரொலிக்கென எழுதிய ஃபில்டரைப் போட்டால், அது தப்பான அளவுகோலை வைத்துக்கொண்டு ஊகிக்கும். மாணவர்களின் புராஜெக்ட்களில் அடிக்கடி நேரும் பிழை இது.

அந்த 240 யாருடையது?

தைராய்டு கட்டியின் படம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளி தற்செயலான ஸ்பெக்கிளாக இருக்கலாம். 1 மி.மீ.க்கும் குறைவான நுண் சுண்ணாம்புப் படிவாகவும் இருக்கலாம். பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றுநோயோடு தொடர்புள்ள அடையாளம் அது. ஃபில்டருக்கு இரண்டும் ஒன்றே.

இதன் விளைவைத் துல்லியமாகவே காட்டலாம். அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட 'டைராட்ஸ்' முறையில், கட்டியின் ஒவ்வொரு தன்மைக்கும் மதிப்பெண் உண்டு. 1.2 செ.மீ. கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. திடமான கட்டி என்பதால் 2. சுற்றியுள்ள திசுவைவிடக் கறுப்பு என்பதால் 2. அகலம் அதிகம், உயரம் குறைவு, விளிம்பு சீரானது, இவற்றுக்கு 0.
2. உள்ளே ஊசிமுனை வெளிச்சப் புள்ளிகள் இருந்தால் 3. மொத்தம் 7, அதாவது ஐந்தாம் வகை. இந்த வகையில் 1 செ.மீ.யிலிருந்தே ஊசி வைத்துச் செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையைப் பரிந்துரைக்க வேண்டும்.
3. அந்தப் புள்ளிகள் மழுங்கிப்போனால் மொத்தம் 4, நான்காம் வகை. இதில் ஊசிப் பரிசோதனைக்கு வரம்பு 1.5 செ.மீ. இந்தக் கட்டிக்கு, பிறகு திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றே அறிக்கை வரும்.

அதே நோயாளி, அதே கட்டி. மாறியது ஒரு ஃபில்டரின் அளவு மட்டும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். தைராய்டில் கூழ்ப்பொருள் படிகங்கள் வெளிச்சப் புள்ளியோடு பின்னால் ஒரு வாலையும் காட்டும். ஒலி உள்ளேயே மோதித் திரும்புவதால் வரும் அந்தப் பெரிய 'வால்நட்சத்திர' வால் தீங்கற்றது என்பதற்கு அடையாளம், மதிப்பெண் 0. பல கோணக் கூட்டுப்படம் அந்த வாலை மழுக்கிவிட்டால், மிஞ்சும் தலைப்புள்ளி சந்தேகத்துக்குரியதாகத் தெரியும். தேவையில்லாத ஊசிக்கு நோயாளி ஆளாவார்.

செயற்கை நுண்ணறிவு எங்கே இடறுகிறது?

ஒரு நியூரல் நெட்வொர்க்குக்கு இரைச்சல் நீக்கக் கற்றுத்தர, இரைச்சலுள்ள படமும் அதற்கு ஈடான சுத்தமான படமும் ஜோடியாக வேண்டும். சி.டி. ஸ்கேனில் குறைந்த கதிர்வீச்சுப் படத்துக்கு முழு அளவுப் படத்தை ஜோடியாக வைக்கலாம். அல்ட்ராசவுண்டில் ஸ்பெக்கிள் இல்லாத படம் என்று எடுக்கவே முடியாது. அதனால் மூன்று குறுக்குவழிகள் பழக்கத்தில் உள்ளன.

1. கணினியில் உருவகித்த படங்கள். டென்மார்க்கில் யோர்கன் யென்சன் உருவாக்கிய 'ஃபீல்டு 2' மென்பொருள் இதற்குப் பெயர்போனது. உருவகித்த திசு உண்மைத் திசுவைவிட எளிமையானது என்பது இதன் எல்லை.

2. ஏற்கெனவே உள்ள ஃபில்டரின் வெளியீட்டையே 'சுத்தமான படம்' என்று காட்டிக் கற்பிப்பது. வேகம் கூடும். ஆனால் அந்த ஃபில்டர் 240ஐ அழித்திருந்தால் நெட்வொர்க்கும் அழிக்கவே கற்கும்.

3. சுத்தமான படமே இல்லாமல், ஒரே காட்சியின் இரண்டு இரைச்சல் படங்களை வைத்துக் கற்பிப்பது. 2018இல் 'நாய்ஸ்2நாய்ஸ்' என்ற பெயரில் வந்த வழி. மின்னணு இரைச்சலுக்கு அருமையாகப் பொருந்தும். ஸ்பெக்கிள் இரண்டு படங்களிலும் ஒன்றாகவே இருப்பதால், நெட்வொர்க் அதை உறுப்பின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது மதிப்பிடும் விதம். பி.எஸ்.என்.ஆர்., எஸ்.எஸ்.ஐ.எம். போன்ற, இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும் அளவுகள், படம் முழுவதையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகின்றன. 500க்கு 400 புள்ளிகள் கொண்ட படத்தில் மொத்தம் 2 லட்சம் புள்ளிகள். ஐந்து நுண்படிவுகள், ஒவ்வொன்றும் ஒன்பது புள்ளிகள் என்றால் 45தான். அத்தனையும் அழிந்தாலும் அந்த அளவு அசையாது. மற்ற இடமெல்லாம் வழுவழுப்பானதால் மதிப்பெண் உயரக்கூடும். ஒரு மென்பொருளின் தரத்தை அறிய வேண்டுமானால், நோயின் முடிவு உறுதியாகத் தெரிந்த நோயாளிகளின் படங்களை, நீக்குவதற்கு முன்னும் பின்னும் மருத்துவர்களிடம் காட்டி, எத்தனை கட்டிகளின் வகை மாறியது என்று எண்ண வேண்டும்.

மறு ஸ்கேனுக்குப் போகும்போது

நோயாளிகளை நேரடியாகத் தொடும் இடம் இது. அச்சிட்ட ஸ்கேன் படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அதிர்வெண், கெயின் (பெருக்கம்), டைனமிக் ரேஞ்ச் (திரையில் அடக்கிய எதிரொலி வீச்சு) ஆகியவை இருக்கும். பல கருவிகளில் கூட்டுப்படமும் ஸ்பெக்கிள் குறைப்பும் எந்த அளவில் இருந்தன என்பதும் சேர்ந்தே அச்சாகும். ஒரு வருடம் கழித்து வேறொரு கருவியில், வேறு அளவுகளில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், கட்டி மாறியதா, ஃபில்டர் மாறியதா என்று சொல்வது கடினம். எனவே மறு ஸ்கேனுக்குப் போகும்போது பழைய அறிக்கையை மட்டுமல்ல, படங்களையும் எடுத்துப் போக வேண்டும். செல்போனில் எடுத்த நகலைவிட அசல் ஃபிலிமோ சி.டி.யோ மேல். முடிந்தால் அதே இடத்தில், அதே கருவியில் எடுப்பது நல்லது. ஸ்கேன் எடுப்பவரும் சந்தேகமான கட்டிக்கு, ஸ்பெக்கிள் குறைப்பை அணைத்த படம் ஒன்றையும் சேர்த்துச் சேமித்து வைக்கலாம். அதற்கு ஒரு பொத்தானைக் கூடுதலாக அழுத்தினால் போதும்.